பாறைகளின் காந்தமும் எட்வர்ட் இர்விங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியத் துணைக்கண்டம் ஒரு காலத்தில் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்து வடக்கு நோக்கி நகர்ந்து வந்தது என்று இன்றைய பள்ளிப் பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன. அந்த வரியை எழுதும் துணிவு அறிவியலுக்கு எப்படி வந்தது என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. பாறைகளுக்குள் உறைந்து கிடக்கும் மிக நுண்ணிய காந்தத்தை அளந்து அதற்கு முதற் சான்றுகளைத் தந்தவர்களில் ஒருவர் புவி இயற்பியலாளர் எட்வர்ட் இர்விங். அவருடைய ஆய்வைப் பற்றியும், அது துறையில் ஏற்படுத்திய விளைவுகளைப் பற்றியும் மாணவர்களும் ஆர்வலர்களும் வழக்கமாக எழுப்பும் வினாக்களுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

எட்வர்ட் இர்விங் யார்?

டெட் இர்விங் என்று சக ஆய்வாளர்களால் அழைக்கப்பட்ட இவர் 1927-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள கோன் என்னும் ஊரில் பிறந்தார். இராணுவப் பணியை முடித்தபின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பயின்று, அங்கேயே கீத் ரன்கார்ன் என்னும் புவி இயற்பியலாளரின் குழுவில் சேர்ந்து பாறைக் காந்தவியல் ஆய்வைத் தொடங்கினார். 1954-இன் இறுதியில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று ஏறத்தாழப் பத்தாண்டுகள் பணியாற்றினார். 1964-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். இடையில் குறுகிய காலம் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்ததைத் தவிர, எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் கனடாவின் அரசு ஆய்வகங்களிலேயே கழித்தார். 2014-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவில் காலமானார்.

பாறைக்குள் காந்தம் எப்படிச் சேர்கிறது?

பெரும்பாலான பாறைகளில் இரும்பு ஆக்சைடு கனிமங்கள் சிறிதளவேனும் கலந்திருக்கும். அவற்றுள் முதன்மையானவை மேக்னடைட்டும் ஹேமடைட்டும். எரிமலைக் குழம்பு வெளியே கொட்டி ஆறும்போது, மேக்னடைட் துகள்கள் ஏறத்தாழ 580 பாகை செல்சியஸுக்குக் கீழே வந்ததும் காந்தத் தன்மை பெறுகின்றன. ஹேமடைட்டுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 675 பாகை. இந்த எல்லையைக் கியூரி வெப்பநிலை என்பர். அதற்குக் கீழே மேலும் ஆற ஆற, துகள்களின் காந்தம் அந்த இடத்தில் அப்போதிருந்த புவிக்காந்தப் புலத்தின் திசையில் படிப்படியாக உறைந்துவிடுகிறது. படிவுப் பாறைகளிலும் இது நிகழ்கிறது: நீரில் மெல்லப் படியும் நுண்துகள்கள் புலத்தின் திசைக்கு ஏற்பத் திரும்பிக்கொள்கின்றன, அல்லது படிந்த மணலுக்குள் புதிதாக வளரும் ஹேமடைட், தான் வளர்ந்த காலத்துப் புலத்தைப் பதிவுசெய்கிறது. மணற்பாறைகள் பலவற்றுக்குச் செந்நிறம் தருவது இந்த ஹேமடைட்தான்.

இவ்வாறு தங்கிவிடும் காந்தத்தை எஞ்சிய காந்தம் என்கிறோம். அது கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலைத்திருக்க முடியுமா என்பது நியாயமான ஐயம். பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல் 1949-இல் இதற்குக் கோட்பாட்டு விடையளித்தார். துகளின் அளவும் வெப்பநிலையும் சேர்ந்துதான் அதன் காந்தம் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன என்றும், தக்க அளவுள்ள நுண்துகள் ஒன்று சாதாரண வெப்பநிலையில் புவியின் வயதை ஒத்த காலம் வரை தன் திசையைக் காத்துக்கொள்ள இயலும் என்றும் அவருடைய கணக்குக் காட்டியது. இர்விங் ஆய்வைத் தொடங்கியபோது இந்தக் கோட்பாடு வெளிவந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

பாறையின் காந்தத்திலிருந்து அது தோன்றிய இடத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

கட்டின்றித் தொங்கவிடப்பட்ட காந்த ஊசி வடக்கைக் காட்டுவதோடு நிற்பதில்லை. கிடைமட்டத்திலிருந்து ஒரு கோணத்தில் சாயவும் செய்யும். அந்தக் கோணமே காந்தச் சரிவு. புவியின் காந்தப் புலம், புவியின் சுழல் அச்சின் வழியே வைக்கப்பட்ட ஒரு சட்டக்காந்தத்தின் புலத்தைப் போன்றது என்று கொண்டால், சரிவுக் கோணத்தின் டான்ஜென்ட் மதிப்பு அட்சரேகையின் டான்ஜென்ட் மதிப்பைப் போல இரு மடங்காக இருக்கும். நிலநடுக்கோட்டில் ஊசி கிடைமட்டமாக நிற்கும். துருவத்தில் செங்குத்தாக நிற்கும். இடைப்பட்ட ஒவ்வோர் அட்சரேகைக்கும் ஒரு சரிவு உண்டு. எனவே பாறையில் உறைந்த சரிவை அளந்தால் அது உருவான அட்சரேகை கிடைத்துவிடும். 45 பாகைச் சரிவு கொண்ட பாறை, ஏறத்தாழ 27 பாகை அட்சரேகையில் தோன்றியிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு பொறி உண்டு. அதைத் திருநெல்வேலியிலேயே பார்க்கலாம். அந்நகரின் அட்சரேகை வடக்கே ஏறத்தாழ 8.7 பாகை. மேற்சொன்ன வாய்ப்பாட்டின்படி அங்கே சரிவு 17 பாகையாக இருக்க வேண்டும். உண்மையில் ஊசி அங்கே ஏறக்குறையக் கிடைமட்டமாகவே நிற்கிறது. ஏனெனில் இன்றைய காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டியே செல்கிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் அதனால்தான். ஆக, ஒரு குறிப்பிட்ட நாளின் புலம் வாய்ப்பாட்டுக்கு அடங்குவதில்லை. பல்லாயிரம் ஆண்டுகளின் சராசரியை எடுக்கும்போதுதான் இந்த விலகல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்து, புலம் சுழல் அச்சோடு ஒன்றிப்போகிறது. அதனால்தான் ஒரே ஒரு எரிமலைக் குழம்பு அடுக்கை அளந்துவிட்டுக் கண்டத்தின் இடத்தைச் சொல்லக்கூடாது. அடுத்தடுத்து வந்த பல அடுக்குகளை அளக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தில் அவர் என்ன கண்டார்?

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில் டோரிடோனியன் எனப்படும் செம்மணற்பாறை அடுக்குகள் உள்ளன. ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகள் பழமையானவை. 1951-இல் இர்விங் அங்கே மாதிரிகளைச் சேகரிக்கத் தொடங்கினார். அவற்றின் காந்தம் மிக மிக வலுக்குறைந்தது என்பதால் சாதாரணக் கருவி எதுவும் அதை உணராது. அப்போது மான்செஸ்டர் பேராசிரியர் பேட்ரிக் பிளாக்கெட் வேறொரு நோக்கத்துக்காக மிகக் கூருணர்வுள்ள காந்தமானி ஒன்றைக் கட்டியிருந்தார். சுழலும் பெரும் பொருள் எதுவும், சுழல்வதனாலேயே காந்தப் புலத்தை உண்டாக்கும் என்பது பிளாக்கெட்டின் கருதுகோள். அதைச் சோதிக்க 15.2 கிலோகிராம் எடையுள்ள தூய தங்க உருளையை இரவல் வாங்கி, அதன் அருகே தம் கருவியை வைத்துப் பார்த்தார். எந்தப் புலமும் தென்படவில்லை. 1952-இல் கருதுகோள் தவறு என்று அவரே வெளியிட்டார். கருதுகோள் பொய்த்துப்போனாலும் கருவி எஞ்சியது. எதிரெதிராகப் பிணைக்கப்பட்ட காந்தங்கள் ஒரு மெல்லிழையில் தொங்கும் அந்த அமைப்பு, பாறைகளை அளப்பதற்கு மிகப் பொருத்தமாக இருந்தது. இர்விங் தம் கற்களை மான்செஸ்டருக்கு எடுத்துச் சென்று அளந்தார்.

அளவீடுகளில் இரண்டு செய்திகள் தெளிந்தன. ஒன்று, நுண்மணல் கொண்ட செந்நிறப் பாறைகளில் திசைகள் வியக்கத்தக்க அளவு ஒன்றுபட்டிருந்தன; படிவுப் பாறையையும் நம்பகமான பதிவேடாகக் கொள்ளலாம் என்று இதனால் தெரிந்தது. மற்றொன்று, அந்தத் திசைகள் சில அடுக்குகளில் ஒருபுறமும் வேறு அடுக்குகளில் நேரெதிர்ப்புறமும் நோக்கின. ஆயினும் இரண்டுமே இன்றைய புலத்தின் திசையோடு ஒட்டாமல் வெகுவாக விலகியிருந்தன. எதிர்த்திசையைப் புவிக்காந்தப் புலம் தலைகீழாகியதால் வந்தது என்று விளக்கலாம். விலகலுக்கு அந்த விளக்கம் போதாது. ஒன்று துருவம் நகர்ந்திருக்க வேண்டும், அல்லது ஸ்காட்லாந்து நகர்ந்திருக்க வேண்டும்.

சிதறிக் கிடக்கும் திசைகளிலிருந்து சராசரியையும் அதன் நம்பக எல்லையையும் காண அன்று முறையான புள்ளியியல் இல்லை. கேம்பிரிட்ஜிலேயே மரபியல் பேராசிரியராக இருந்த ரொனால்ட் ஃபிஷர், கோளப் பரப்பின்மேல் சிதறும் திசைகளுக்கான புள்ளியியலை 1953-இல் வெளியிட்டார். யான் ஹாஸ்பர்ஸ் என்னும் டச்சு மாணவர் ஐஸ்லாந்து எரிமலைப் பாறைகளில் எடுத்த அளவீடுகளையே அதற்கு எடுத்துக்காட்டாகக் கையாண்டார். இன்றுவரை இத்துறையின் ஒவ்வொரு கட்டுரையிலும் அந்தப் புள்ளியியல்தான் பயன்படுகிறது.

இந்தியப் பாறைகளை அவர் ஏன் தேடினார்? முடிவு என்ன?

ஆல்ஃபிரட் வேகனர் 1912-இல் முன்வைத்த கண்டப் பெயர்ச்சிக் கொள்கையில் மிகத் துணிச்சலான பகுதி இந்தியாவைப் பற்றியது. வேறெந்தப் பெருநிலப்பரப்பையும்விட இந்தியா நெடுந்தொலைவு வடக்கே நகர்ந்திருக்க வேண்டும் என்று அது சொன்னது. அட்சரேகையை மட்டுமே காட்டவல்ல ஒரு முறையைக் கொண்டு அந்தக் கொள்கையைச் சோதிக்க விரும்புகிறவர், வடக்கு–தெற்காக மிகுதியும் நகர்ந்ததாகச் சொல்லப்படும் கண்டத்தைத்தானே முதலில் பார்க்க வேண்டும்? இர்விங் அதைத்தான் செய்தார். எந்தக் கருதுகோள் எங்கே எளிதில் பொய்ப்பிக்கப்படலாமோ அங்கே போய் அதைச் சோதித்தார். அவருடைய ஆய்வு வாழ்க்கையிலேயே மிகக் கூர்மையான முடிவு இதுதான் என்பது என் கருத்து.

1950-களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து தக்காண எரிமலைப் பாறை மாதிரிகள் சிலவற்றைப் பெற்று அளந்தார். எண்ணிக்கையில் மிகக் குறைவானவை. இன்றைய அளவுகோலில் அவற்றை வைத்து ஒரு கட்டுரையைக்கூட வெளியிட முடியாது. ஆனால் விடை தெளிவாக இருந்தது. அந்தப் பாறைகள் உருவானபின் இந்தியா ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே வந்ததோடு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை திரும்பியும் இருந்தது.

பின்னர் செய்யப்பட்ட விரிவான அளவீடுகளைக் கொண்டு இதை எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். தக்காண எரிமலைப் பாறைகளின் வயது ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகள். மும்பையை ஒட்டிய பகுதி இன்று வடக்கே 19 பாகையில் உள்ளது. பாறைகளின் சரிவு ஏறத்தாழ 45 பாகை. அதுவும் தென்கோளத்துக்கு உரிய வகையில். ஆக அவை தெற்கே ஏறத்தாழ 27 பாகையில் தோன்றின. இரண்டுக்கும் இடையே 46 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்றால் 5000 கிலோமீட்டருக்கு மேல். சராசரி வேகம் ஆண்டுக்கு 7 முதல் 8 சென்டிமீட்டர். உண்மையில் வேகம் சீராக இருக்கவில்லை. ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டர் அளவை எட்டி, ஆசியாவோடு மோதியபின் வெகுவாகத் தணிந்தது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் கிளெக் குழுவினர் தனியாக மாதிரிகள் எடுத்து இந்தியப் பாறைகளின் காந்தம் பற்றி 1956-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சகஸ்ரபுத்தே, ராதாகிருஷ்ணமூர்த்தி ஆகியோரும் அந்தக் குழுவின் எர்ன்ஸ்ட் டாய்ச்சுடன் சேர்ந்தும் தனித்தும் தக்காணப் பாறைகளை ஆராய்ந்தனர். பாறைக் காந்தவியல் இந்தியாவில் வேரூன்றிய கதை அங்கேதான் தொடங்குகிறது.

அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1954-இல் கேம்பிரிட்ஜில் அவர் அளித்த ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் ஏற்கவில்லை. ஸ்காட்லாந்துப் பாறைகளோடு இந்திய முடிவுகளும் இடம்பெற்றிருந்த அந்த ஆய்வின் முக்கியத்துவத்தை மதிப்பிடும் அளவுக்கு அத்துறையை அறிந்தவர்கள் தேர்வாளர்களில் இல்லை என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். 1965-இல் அதே பல்கலைக்கழகம், வெளியான ஆய்வுகளின் அடிப்படையில் வழங்கப்படும் உயர்நிலை அறிவியல் முனைவர் பட்டத்தை அவருக்கு அளித்தது.

இந்தச் செய்தியைப் புறக்கணிக்கப்பட்ட மேதையின் கதையாக்கி மகிழ்வோர் உண்டு. நான் அதற்கு அவ்வளவு இடம் கொடுக்க மாட்டேன். பட்டம் கிடைக்காத அதே ஆண்டிலேயே கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஜான் ஜேகர் அவருக்கு ஆய்வுப் பணி அளித்தார். ஆய்வு ஒருநாளும் நின்றுவிடவில்லை.

துருவம் நகர்ந்ததா, கண்டம் நகர்ந்ததா என்பதை எப்படித் தீர்மானித்தார்கள்?

ஒரு கண்டத்தில் வெவ்வேறு வயதுடைய பாறைகளை அளந்து, ஒவ்வொரு காலத்துக்கும் துருவம் எங்கே இருந்ததாகத் தோன்றுகிறது என்று குறித்துக்கொண்டே போனால் ஒரு பாதை கிடைக்கும். கென் கிரீர், இர்விங், ரன்கார்ன் ஆகியோரின் அளவீடுகளைக் கொண்டு பிரிட்டனுக்கான முதற்பாதை 1954-இல் வரையப்பட்டது. ஒரு கண்டத்தின் பாதை மட்டும் கையில் இருக்கும்வரை, புவி முழுவதும் அச்சைப் பொறுத்துச் சரிந்தது என்றும் சொல்லலாம். கண்டம் பெயர்ந்தது என்றும் சொல்லலாம். ரன்கார்ன் அப்போது முதல் விளக்கத்தையே விரும்பினார்.

இரண்டாவது கண்டத்தின் பாதை வரையப்பட்டதும் சிக்கல் அவிழத் தொடங்கியது. எக்காலத்திலும் துருவம் ஒன்றுதான். இரு கண்டங்களின் பாதைகளும் பொருந்தாவிட்டால் அந்தக் கண்டங்கள் ஒன்றையொன்று பொறுத்து நகர்ந்திருக்கின்றன என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. ஐரோப்பா, வட அமெரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் அளவீடுகளை ஒன்றுசேர்த்து இர்விங் 1956-இல் வெளியிட்ட கட்டுரை இதைக் காட்டியது. அதில் இன்னொரு நுட்பமும் உண்டு: காந்தம் சொல்லும் அட்சரேகைகளைப் பண்டைத் தட்பவெப்பச் சான்றுகளோடு வைத்துப் பார்த்தார். உப்புப் படிவும் பாலைமணலும் பவளப்பாறையும் தாழ்ந்த அட்சரேகையிலும், பனிப்படிவு உயர்ந்த அட்சரேகையிலும் அமைய வேண்டும் அல்லவா? பெரும்பாலும் அப்படியே அமைந்தன. காந்தப் புலத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத சான்று ஒன்று காந்தச் சான்றோடு ஒத்துப்போவதைவிட வலுவான உறுதிப்பாடு வேறென்ன?

ஆஸ்திரேலியாவில் அவருக்கு இன்னும் தெளிவான சான்றுகள் கிடைத்தன. டாஸ்மேனியாவின் ஜுராசிக் காலத்து டோலரைட் பாறைகளில் (குழம்பு உறைந்து உருவான கரும்பாறைகள்) காந்தம் ஏறக்குறையச் செங்குத்தாக நின்றது. அதாவது அந்தத் தீவு அப்போது தென்துருவத்துக்கு அருகே இருந்தது. ரான் கிரீனுடன் சேர்ந்து 1958-இல் அவர் வெளியிட்ட ஆஸ்திரேலியப் பாதை, வட கண்டங்களின் பாதைகளோடு சற்றும் ஒட்டவில்லை.

இவ்வளவு சான்று இருந்தும் 1950-களில் ஏன் ஏற்கவில்லை?

எதிர்த்தவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர்களுடைய ஐயங்கள் உண்மையான இயற்பியல் ஐயங்கள். ஜப்பானில் நகாடாவும் உயேடாவும் ஹருனா எரிமலைப் பாறை ஒன்றை ஆய்வகத்தில் சூடேற்றி ஆறவிட்டபோது, அது புலத்துக்கு நேரெதிர்த் திசையில் காந்தமாவதைக் கண்டார்கள். நீல் கோட்பாட்டளவில் முன்னறிவித்திருந்த இந்தத் தற்புரட்டல் இயற்கையில் பரவலாக நடந்தால், தலைகீழ்த் திசை எதையும் நம்ப முடியாது. மடிப்புற்ற பாறைகளைக் கொண்டு காந்தத்தின் பழமையைச் சோதிக்கும் முறையை 1949-இல் அளித்த அமெரிக்கர் ஜான் கிரஹாமே பின்னர் ஐயத்தில் விழுந்தார். கலிஃபோர்னியாவின் ஆலன் காக்ஸும் ரிச்சர்ட் டோயலும் 1960-இல் வெளியிட்ட நீண்ட மதிப்பாய்வு, அன்றிருந்த காந்தச் சான்றுகள் கண்டப் பெயர்ச்சியை நிலைநாட்டப் போதுமானவை என்று ஒப்பவில்லை.

மற்றொரு சிக்கல் மேற்பதிவு. பழைய காந்தத்தின்மேல் இன்றைய புலம் மெல்ல மெல்லத் தன் சுவட்டைப் பதித்துவிடும். மின்னல் விழுந்த பாறையில் பழைய திசை முற்றிலும் அழிந்தே போகலாம். இதைக் களைய, பாறையை மாறுதிசைக் காந்தப் புலத்தில் வைத்தோ படிப்படியாகச் சூடேற்றியோ வலுக்குறைந்த காந்தத்தை முதலில் நீக்கும் முறைகள் 1950-களின் இறுதியில் வளர்ந்தன. எரிமலைப் பாறைகளில் மாறுதிசைப் புலத் தூய்மையாக்கம் எவ்வாறு செயல்படுகிறது என்பது குறித்து இர்விங்கும் அவருடைய ஆஸ்திரேலியச் சகாக்களும் 1961-இல் வெளியிட்ட ஆய்வு, அந்த முறை நிலைபெற உதவியது. என் பார்வையில், அவருடைய ஆய்வின் உயிர்நாடி கண்டம் நகர்ந்ததா என்ற பெருங்கேள்வியைவிட, இந்தப் பாறையின் சாட்சியத்தை ஏற்கலாமா என்ற சிறுகேள்வியில்தான் இருக்கிறது. சிறுகேள்விக்கு ஆண்டுக்கணக்கில் பொறுமையாக விடை தேடியதால்தான் பெருங்கேள்விக்கான அவருடைய விடை நிலைத்தது.

பொதுவான மனமாற்றம் 1960-களில் கடலடித் தரையிலிருந்து வந்தது. புலம் தலைகீழாகும் ஒவ்வொரு முறையும் புதிய கடல்தரை எதிர்த்திசையில் காந்தமாகி வரிவரியாக விரிகிறது என்று ஃபிரெட் வைனும் டிரம்மண்ட் மேத்யூஸும் 1963-இல் முன்மொழிந்தனர். கனடாவின் லாரன்ஸ் மார்லியும் தனியே இதே முடிவுக்கு வந்தார். முன்பு ஐயுற்ற காக்ஸும் டோயலும் பிரெண்ட் டால்ரிம்பிளோடு சேர்ந்து புலம் தலைகீழான காலங்களின் வரிசையை வகுத்தளித்தது இந்த வரலாற்றின் சுவையான திருப்பம்.

மாதிரி எடுப்பதும் அளப்பதும் எப்படி நடக்கிறது?

இன்று களத்தில் பெரும்பாலும் மரம் அறுக்கும் இயந்திரத்தின் பெட்ரோல் என்ஜினில் வைர முனைக் குழாய்த் துளைப்பானைப் பொருத்திப் பயன்படுத்துகிறார்கள். துளைக்குள் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையேல் முனை சூடேறிப் பாழாகும். சுமார் 2.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள கல் உருளை, பாறையிலிருந்து முறிவதற்கு முன், துளைக்குள் நிற்கும்போதே அதன் திசையைக் குறித்தாக வேண்டும். பித்தளைக் குழாய் ஒன்றை உருளையின்மேல் செருகி, அதன் பிளவின் வழியே பித்தளைக் கம்பியால் கோடிட்டு, சாய்வையும் திசையையும் எழுதிக்கொள்வார்கள். தக்காணப் பாறை போன்ற வலிய காந்தமுள்ள இடங்களில் திசைகாட்டியின் முள்ளையே பாறை இழுத்துவிடும் என்பதால், சூரியனின் நிழலைக் கொண்டு திசை காண்பார்கள். முகில் மூடிய நாளில் வேலை நின்றுபோகும்.

ஆய்வகத்தில் உருளையை வில்லைகளாக அறுத்து, புவிக்காந்தப் புலம் புகாதவாறு காப்பிட்ட உலையில் படிப்படியாகச் சூடேற்றி, ஒவ்வொரு படியிலும் அளப்பார்கள். முதல் சில படிகளில் திசை அலைந்து, பின்னர் ஒரே திசையில் நிலைத்தபடி வலிமை மட்டும் குறைந்து கொண்டே பூஜ்யத்தை நோக்கிச் சென்றால், அந்தத் திசையை நம்பலாம். இர்விங் ஆய்வைத் தொடங்கிய காலத்தில் இந்த வசதிகள் எதுவும் இல்லை. கையால் உடைத்த கட்டிகளில் கோடிட்டு எடுத்துவந்தார்கள்.

கியாமா ஊரின் பெயர் இத்துறையில் ஏன் அடிபடுகிறது?

நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையில் கியாமா என்னும் ஊர் இருக்கிறது. அப்பகுதியின் பெர்மியன் காலப் (ஏறத்தாழ 30 முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட) பாறைகளை ஆராய்ந்த இர்விங்கும் பாரியும், புலம் மிக நெடுங்காலம் தலைகீழாகவே நிலைத்திருந்த ஒரு காலப்பகுதியை 1963-இல் அடையாளம் கண்டு கியாமன் என்று பெயரிட்டார்கள். அது 5 கோடி ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது என்பது இன்றைய மதிப்பீடு. கடந்த சில கோடி ஆண்டுகளில் புலம் பத்து இலட்சம் ஆண்டுகளில் பல தடவை புரண்டிருப்பதோடு ஒப்பிட்டால் இதன் விந்தை புரியும். புவியின் கருவத்தில் அப்போது என்ன நடந்தது என்பது இன்றும் ஆய்வுக்குரிய பொருள்.

அவருடைய எல்லாக் கருத்துகளும் ஏற்கப்பட்டனவா?

இல்லை. இரண்டு கருத்துகள் இன்றும் சர்ச்சையில் உள்ளன. கண்டங்கள் எல்லாம் ஒன்றாக இணைந்திருந்த பெர்மியன் காலத்துப் பேஞ்சியா பெருங்கண்டத்தில் தென்பாதி, வேகனர் வரைந்ததைவிடக் கிழக்கே 3000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நின்றிருக்க வேண்டும் என்று 1977-இல் இர்விங் முன்மொழிந்தார். வேகனரின் அமைப்பைப் பேஞ்சியா ஏ என்றும் இதைப் பேஞ்சியா பி என்றும் அழைக்கிறார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற மாபெரும் பிளவுப் பெயர்ச்சி நிகழ்ந்திருக்க வேண்டும். அதன் தடம் தரையில் தெளிவாக இல்லை என்பது எதிர்ப்போர் வாதம். தரவுகளின் குறைபாடே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்கிறார்கள் அவர்கள். இத்தாலியப் பாறைகளை ஆராய்ந்த சிலர் இர்விங்கின் பக்கம் நிற்கிறார்கள்.

மற்றொன்று பாஹா பிரிட்டிஷ் கொலம்பியா. கனடாவின் மேற்குக் கரைநிலம் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் அட்சரேகையில் இருந்து, 2000 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே வந்தது என்பது அந்தக் கருதுகோள்; பெயர் இர்விங் வைத்தது. அதற்கான காந்தச் சான்றில் ஒரு பகுதி, ஆழத்தில் உறைந்த கிரானைட் வகைப் பாறைகளிலிருந்து வந்தது. படிவுப் பாறையில் அடுக்கைப் பார்த்துப் பழைய கிடைமட்டத்தைக் கண்டுகொள்ளலாம். கிரானைட்டில் அடுக்கு இல்லை. அந்தப் பாறை முழுவதும் சற்றே சரிந்திருந்தாலும் நகர்ந்ததுபோன்ற அதே அளவீடு கிடைத்துவிடும். நிலவியலாளர்கள் பலர், நிலம் நகரவில்லை, பாறை சாய்ந்ததே காரணம் என்று வாதிட்டார்கள்; இர்விங் தம் இறுதிக்காலம் வரை இந்த வழக்கை நடத்தினார்.

இலெமூரியா பற்றி இந்த ஆய்வு என்ன சொல்கிறது?

தமிழ் வாசகர்கள் தவறாமல் கேட்கும் வினா இது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்படும் விலங்குகளின் உறவை விளக்க, இந்தியப் பெருங்கடலில் ஒரு நிலப்பரப்பு இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஆங்கில விலங்கியலாளர் பிலிப் ஸ்க்லேட்டர் 1864-இல் ஊகித்து அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். கண்டங்கள் அசையா என்ற நம்பிக்கையில் எழுந்த ஊகம் அது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து பிரிந்தன என்பதைப் பாறைக் காந்தமும் கடல்தரை வரிகளும் காட்டியபின், மூழ்கிய கண்டத்துக்கான அறிவியல் தேவை மறைந்துவிட்டது. இறையனார் அகப்பொருள் உரை கூறும் கடல்கோள்களும் குமரி நிலமும் மனிதர் வாழ்ந்த காலத்தைப் பற்றியவை. கோடி ஆண்டுகளை அளக்கும் காந்தமுறை அவற்றை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவோரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

இம்முறையால் அறிய முடியாதது எது?

தீர்க்கரேகை. கிழக்கு–மேற்காக நகர்ந்தால் சரிவு மாறாது. பேஞ்சியா சர்ச்சை இவ்வளவு நீள்வதற்கும் இதுவே ஒரு காரணம்.

அவருடைய ஆய்வின் தாக்கத்தை எவ்வாறு மதிப்பிடுவது?

விருதுகளைச் சொல்வதென்றால், 1979-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 2005-இல் லண்டன் நிலவியல் கழகத்தின் உயரிய விருதான வொல்லாஸ்டன் பதக்கத்தைப் பெற்றார். கனடா அரசின் ஆர்டர் ஆஃப் கனடா விருதும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் துறைக்குள் இருப்பவர்கள் முதலில் குறிப்பிடுவது வேறு இரண்டு பணிகளை. பாறைகளில் பதிந்த பழங்காலக் காந்தத்தை ஆராயும் தொல்காந்தவியலை முழுமையாகத் தொகுத்து 1964-இல் அவர் வெளியிட்ட நூல், ஒரு தலைமுறை ஆய்வாளர்களுக்குப் பாடநூலாக இருந்தது. உலகெங்கும் அளக்கப்பட்ட துருவ இடங்களை 1960 முதல் பட்டியலிட்டு அவர் வெளியிட்டு வந்தது, பிற்காலத்து உலகத் தொல்காந்தத் தரவுத்தளங்களுக்கு வித்திட்டது. பட்டியல் போடுவது பெருமை தரும் வேலை அல்ல. ஆனால் ஒருவருடைய அளவீட்டை இன்னொருவர் சரிபார்க்க அதுவே வழிசெய்தது.

2008-இல், எண்பது வயதைக் கடந்தபின், அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் அவர் ஒரு கருத்துரை எழுதினார். இந்தியா வடக்கே வரும்போது அதன் முன்னிருந்த கடலின் சுண்ணாம்புப் படிவுகள் ஆசியாவுக்கு அடியில் அமிழ்ந்து கரியமில வாயுவை வெளியிட்டதால் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் புவி வெப்பமாக இருந்தது என்றும், மோதலுக்குப்பின் அது நின்றுபோக, ஈரமான நிலநடுக்கோட்டுப் பகுதிக்கு வந்த தக்காணப் பாறைகள் சிதைந்து அந்த வாயுவை உறிஞ்சியதால் புவி குளிர்ந்தது என்றும் டென்னிஸ் கென்ட், ஜோவானி முட்டோனி ஆகியோர் முன்வைத்த விளக்கத்தைப் பற்றியது அது.

தமிழ்நாட்டில் இத்தகைய ஆய்வுக்கு இடமுண்டா?

நிறைய உண்டு. தருமபுரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் கறுப்புக் கிரானைட் என்ற வணிகப் பெயரில் வெட்டியெடுக்கப்படும் கல்லில் பெரும்பகுதி உண்மையில் டோலரைட். பழைய பாறைகளின் பிளவுகளில் குழம்பு ஏறி உறைந்த சுவர்கள் அவை. 100 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இச்சுவர்களின் காந்தத்தை ஆய்வாளர்கள் ஏற்கெனவே அளந்து, தென்னிந்தியா அக்காலத்தில் எங்கே இருந்தது என்று கணித்து வருகிறார்கள். குவாரிகள் புதிய பாறை முகங்களைத் திறந்து தருவதால், வெயிலும் மழையும் மின்னலும் படாத மாதிரி எளிதில் கிடைக்கும். ஆனால் வெடிவைத்துப் பெயர்த்த கட்டி பயன்படாது, சுவரோடு ஒட்டி நிற்கும் பாறையிலேயே துளையிட வேண்டும். பயிற்சிக்கு நவி மும்பையிலுள்ள இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தையும் ஐதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் மாணவர்கள் அணுகலாம்.